பீப்பாய்க்குள் ஓர் ஆர்மடில்லோ

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், மழை வெறித்த மறுநாள் காலையில், கித்தேரியா தன் மரவள்ளிக் கொல்லையில் ஒரு குழிக்குள் காலை விட்டாள். கணுக்கால் பிசகி, சேற்றில் உட்கார்ந்தவள் அரை மணி நேரம் எழவில்லை. வலியைவிட அவமானம்தான் அதிகம். ஐம்பத்தெட்டு வயதில், தன் கையால் நட்ட நிலத்தில், ஒரு பெபா தோண்டிய குழியில் விழுவதா?

ஆர்மடில்லோவில் எத்தனையோ வகை உண்டு. எங்கள் பக்கம் பட்டப்பகலில் கொஞ்சமும் கூச்சமில்லாமல் தோட்டத்துக்குள் உலாவுவது பெபா. முதுகில் பட்டை பட்டையாய் ஓடு, ஓட்டின் இடுக்கில் கிழவன் காதுமயிர் மாதிரி முடி, பன்றிக்குட்டியின் மூக்கு. அது நடந்துபோனால் யாரோ ஒரு சட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதற்குக் கால் வைத்து அனுப்பிவிட்டதுபோல் இருக்கும். மூக்கு எங்கே போகிறதோ அங்கே ஒரு குழி. கித்தேரியாவின் இரண்டு ஏக்கரில் அந்த வருஷம் எண்பத்துமூன்று குழிகள் இருந்தன. எண்ணிப் பார்த்தவள் அவள்தான்.

அன்று அவள் அதிர்ஷ்டம், சுகாதார நர்ஸ் மோட்டார் சைக்கிளில் தற்செயலாக அந்த வழியே வந்தாள். காலைக் கட்டிவிட்டுப் போனாள். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை தெற்கே சாவோ பாவுலோ நகரத்திலிருந்து அவளுடைய ஒரே மகன் அடெல்மோ போன் செய்தான். கித்தேரியாவுக்குப் பொய் சொல்ல வராது. குழியைச் சொன்னாள், காலைச் சொன்னாள், அரை மணி நேரம் சேற்றில் உட்கார்ந்திருந்ததையும் சொல்லிவிட்டாள்.

மறுமுனையில் மகன் தீர்மானமாய்ச் சொன்னானாம்: அப்பா போன பிறகு மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தாயிற்று, ஜூனில் யோவான் திருவிழாவுக்கு வருகிறேன், திரும்பும்போது நீயும் என்னோடு வருகிறாய். உனக்கு ஒன்று ஆனால் அந்தக் காட்டில் யாருக்குத் தெரியும்?

யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்குக் கித்தேரியாவிடம் பதில் இல்லை. அதனால் சரி என்றாள். போனை வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். பத்தொன்பது வயதில் ஒரே ஒரு தகரப் பெட்டியோடு சிப்ரியானோவின் மனைவியாய் அவள் வந்து இறங்கிய வாசல் அது. எதிர்வீட்டில் மக்காச்சோளம் அரைத்துக்கொண்டிருந்த நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கடவுளே, ஒரு பெண்ணின் முகத்தை அப்படிப் பார்க்கவே கூடாது.

பக்கத்து நிலம் லிந்தாவுராவுடையது. சிப்ரியானோவின் அக்காள். கல்யாணமே செய்துகொள்ளாதவள். அறுபத்துநாலு வயதிலும் துடைப்பக்குச்சி மாதிரி நிமிர்ந்து நடப்பவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முள்வேலி, வேலியோரத்தில் குடைமாதிரி விரிந்த ஒரு உம்பு மரம். அந்த இரண்டு பெண்களும் மூன்று வருஷமாய் நேருக்கு நேர் பேசுவதில்லை.

காரணம் ஒரு சட்டை. தம்பியை அடக்கம் செய்ய லிந்தாவுரா டவுனிலிருந்து கறுப்புக் கோட்டு வாங்கிவந்தாள். கித்தேரியாவோ, முள்காட்டில் மாடு விரட்டும்போது அவன் ஆயுசு முழுக்கப் போட்டிருந்த தோல் சட்டையைப் போட்டுத்தான் அனுப்புவேன் என்று நின்றாள். அப்படியே அனுப்பினாள். என் தம்பியைக் கூலிக்காரன் மாதிரி மண்ணுக்குள் போட்டாயே என்று கல்லறையில் எல்லார் முன்னாலும் லிந்தாவுரா கதறினாள். அன்றோடு வாய் மூடியது.

வாய் மூடியது என்றால் நேர்ப்பேச்சுதான். ஜாடைப்பேச்சு ஒரு நாளும் நிற்கவில்லை. லிந்தாவுராவுக்கு ஒரு செங்கோழி, கித்தேரியாவுக்கு ஒரு வெள்ளாடு. இவள் சொல்ல வேண்டியதைக் கோழியிடம் சொல்வாள். அவள் பதிலை ஆட்டிடம் சொல்வாள். அந்தக் கோழியும் ஆடும் வாங்கிய வசவை வேறு எந்தப் பிராணியும் வாங்கியிருக்காது.

மே மாதம் கால் சரியானதும் கித்தேரியா பழிவாங்கினாள். மரவள்ளிப் பாத்தியில் பெபா மண்ணுக்குள் தலையை விட்டுக்கொண்டு பின்பக்கத்தை வெயிலுக்குக் காட்டி நின்றது. பாய்ந்து வாலைப் பிடித்தாள். பெபா மண்ணுக்குள் கால்களை ஊன்றி உடம்பை விரித்துக்கொண்டது. இவள் உட்கார்ந்து, இரண்டு குதிகாலையும் மண்ணில் ஊன்றி இழுத்தாள். அது போகிறேன் என்றது, இவள் விடமாட்டேன் என்றாள். கடைசியில் பக்கத்து மண்ணைக் கையால் பறித்துத் தளர்த்தித்தான் வெளியே எடுத்தாள். இடது காதில் ஒரு பழைய கடி, விளிம்பு பிய்ந்திருந்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, வெற்றியோடு வந்தாள்.

பிடித்த பெபாவை அன்றே சமைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. செத்தது சிதைந்தது எல்லாம் தின்னும் ஜாதி அது. அதனால் ஒரு மாதம் பீப்பாயில் அடைத்து, சோளமும் சோளப்புட்டும் மட்டும் போட்டு, உள்ளே சுத்தமான பிறகுதான் அடுப்பேற்றுவோம். சட்டப்படி பிடிக்கக் கூடாதுதான். அதனால் வெளியாள் யாராவது கேட்டால் பீப்பாயில் ஆமை இருக்கிறது என்போம்.

கித்தேரியாவின் கணக்கு இதுதான்: யோவான் திருவிழாவுக்கு மகன் வருவான். சிறுவயதில் அப்பாவோடு உட்கார்ந்து விரல் நக்கிச் சாப்பிட்ட பெபாக் கறியைக் கொத்தமல்லி மணக்க வைப்பேன். முதல் கவளத்திலேயே அவன் மனசு இளகும். அப்புறம் அம்மாவை இந்த மண்ணிலிருந்து பிடுங்க அவனுக்கு எப்படி மனம் வரும்? வாயால் சொல்ல முடியாததை அவள் கறிச்சட்டியைக் கொண்டு சொல்ல நினைத்தாள்.

வறட்சி வருஷத்தில் தண்ணீர் பிடிக்கவென்று சிப்ரியானோ இரண்டு தகரப் பீப்பாய் வாங்கினான், பெண்டாட்டிக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. இரண்டுக்கும் இப்போது அடி இத்துப்போய்விட்டது. கித்தேரியா தன்னுடையதை உம்பு மரநிழலில், வேலியோரமாய் நிறுத்தினாள். வேறு எங்கே வைத்தாலும் தகரம் காய்ந்து பெபா வெந்துபோகும். அடியில் நாலு பலகைக்கல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, பெபாவை உள்ளே விட்டாள்.

அன்று முதல் தினமும் காலையில் புட்டைக் கொண்டுபோய்ப் போடுவாள். போட்டுவிட்டு, பீப்பாய்க்குள் தலையை விட்டு ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். தனியாய் இருப்பவளுக்குப் பேச ஒரு காது கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து லிந்தாவுராவும் ஒரு பெபா பிடித்தாள். அவள் அவரைப் பந்தலில் மேய்ந்துகொண்டிருந்ததாம். அவளும் தன் பீப்பாயை அதே உம்பு மரத்தின் நிழலில், வேலிக்குத் தன் பக்கமாய் வைத்தாள். அவள் தீனி போடுவது சாயங்காலம். இரண்டு பீப்பாய்க்கும் நடுவே வேலியும் ஒன்றரை முழ மண்ணும்தான்.

அதன்பின் ஜாடைப்பேச்சுக்குப் புதுத் தீனி கிடைத்தது. சில வீட்டு பெபா எலும்பும் ஓடுமாய் இருக்கிறதாம், திருவிழாவுக்கு ஓட்டைத்தான் சூப்பு வைக்க வேண்டுமாம் என்று லிந்தாவுரா கோழியிடம் சொன்னாள். உடனே கித்தேரியா பங்கை இரட்டிப்பாக்கினாள். சில பேர் கல்லுமாதிரி புட்டு அவிக்கிறார்கள், பெபா பல் உடைந்துவிடும் என்று ஆட்டிடம் சொன்னாள். மறுநாள் லிந்தாவுரா புட்டில் ஆட்டுப்பால் ஊற்றிப் பிசைந்தாள். ஜூன் மாத நடுவில் இருவருமே வருகிறவர் போகிறவரிடம், என் பெபா தலையணை மாதிரி ஆகிவிட்டது, இந்த ஊரில் இப்படி ஒரு பெபாவை யாரும் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருவர் சொன்னதும் உண்மைதான்.

திருவிழாவுக்கு முந்தைய நாள் அடெல்மோ வந்தான். நல்ல பிள்ளை. தாயைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே சட்டைப்பையிலிருந்து இரண்டு பஸ் டிக்கெட்டை எடுத்துக் காட்டினான். திருவிழாவுக்கு மறுநாள் பயணம். பக்கத்துப் பக்கத்து இருக்கை, ஜன்னலோரம் அம்மாவுக்கு. அவன் முகம் சின்னக் குழந்தை மாதிரி மலர்ந்திருந்தது. கித்தேரியா டிக்கெட்டைக் கையில் வாங்கி, நன்றாயிருக்கிறது என்றாள். உள்ளே போய், சட்டி கழுவும் சாக்கில் அழுதாள்.

மறுநாள் உச்சிவேளை. ஊரெல்லாம் வாசலில் சொக்கப்பனைக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தது. பமோன்யாப் பலகாரத்துக்கு இளஞ்சோளம் துருவும் வாசனை தெருவையே நனைத்திருந்தது. கித்தேரியா இடுப்பில் அண்டாவோடு உம்பு மரத்தடிக்குப் போனாள். பீப்பாய்க்குள் வைக்கோலைக் கிளறினாள். கையில் கல்தான் தட்டுப்பட்டது. பெபா இல்லை.

தலையை நிமிர்த்தினாள். வேலிக்கு அந்தப் பக்கம் லிந்தாவுரா, தன் பீப்பாயிலிருந்து ஒரு பெபாவை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். தலையணை மாதிரி பெபா. இடது காதின் விளிம்பு பிய்ந்திருந்தது.

கித்தேரியாவின் கையிலிருந்து அண்டா விழுந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாய், ஆடும் கோழியும் இல்லாமல், நேராய்ப் பேசினாள்.

"மதினி, அது என் பெபா. கீழ வைங்க."

"எது உன் பெபா? என் கையால புடிச்சு, என் பால ஊத்தி வளத்தது."

"அந்தக் காதப் பாருங்க. நான் வாலப் புடிச்சு இழுத்தப்பவே அந்தக் காது அப்படித்தான் இருந்துச்சு. எம்புள்ளைக்குன்னு வச்சிருந்தத வேலி தாண்டி வந்து எடுத்திருக்கீங்க. திருடி எடுத்திருக்கீங்க."

தெருவே வேலியோரம் கூடிவிட்டது. நானும் மாவுக்கையோடு ஓடினேன். அடெல்மோ ஒரு கையில் விறகோடு வந்து நின்றான். பெபா லிந்தாவுராவின் கையில் தலைகீழாய் ஆடியது.

"திருடியா நான்?" என்றாள். "உன் வீட்டு அடுப்புப் புகை காலையில அஞ்சரைக்கு வரணும். போன செவ்வாய்க்கிழம ஆறே காலுக்குத்தான் வந்துச்சு. அந்த முக்கா மணி நேரமும் இந்த வேலியப் புடிச்சுக்கிட்டு நின்னவ நான். முள்ளு குத்தின தழும்பு இருக்கு, பாக்குறியா? ஏப்ரல்ல நீ குழியில விழுந்தப்ப நர்ஸு தானா வந்தான்னு நெனச்சியா? செருப்பு கூடப் போடாம ரோட்டுக்கு ஓடி, வண்டிய மறிச்சு அனுப்புனது யாரு? நீ ராத்திரி எத்தன தடவ இருமுனேன்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். திருடியாம். இந்த வீட்டுல நான் திருடுனது என் தூக்கத்தத்தான்டி."

லிந்தாவுரா நிறுத்துவதாய் இல்லை. மூன்று வருஷத்துச் சேமிப்பு அல்லவா.

"தெனமும் காலையில அந்தப் பீப்பாய்க்குள்ள தலைய விட்டுக்கிட்டு என்ன சொல்லுவ? எனக்குப் போக வேண்டாம், எனக்குப் போக வேண்டாம், அவன்கிட்ட எப்படிச் சொல்லுவேன்னு அழுவ. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு நானும் அழுவேன். பெத்த புள்ளகிட்டச் சொல்ல வாயில்ல இவளுக்கு. பெபாகிட்டச் சொல்லுறா."

அவ்வளவுதான். லிந்தாவுரா தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் உணர்ந்தவள்போல் பெபாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடெல்மோ விறகைக் கீழே வைத்தான்.

"அம்மா. நெசமா?"

"அவங்க வெயில்ல ஏதோ சொல்லுறாங்க. நீ உள்ள போ."

"நெசமான்னு கேட்டேன்."

கித்தேரியா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். "நீ ரெண்டு டிக்கெட்ட எடுத்துக்கிட்டு, அந்த முகத்தோட வந்து நிக்கிறியேடா," என்றாள் துணிக்குள்ளிருந்து. "அத எப்படிடா நான் கெடுப்பேன்?"

அந்த ஆறடி ஆண்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவின் பீப்பாயைக் கட்டிக்கொண்டு நின்றான். அழுகிறான் என்றுதான் நினைத்தேன். அழுதான்தான். ஆனால் உள்ளே பார்த்துக்கொண்டே அழுதவன், சட்டென்று மூக்கை உறிஞ்சினான். குனிந்து வைக்கோலை வாரி வெளியே போட்டான். ஒரு பலகைக்கல் சாய்ந்திருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் கறுப்பாய், உருண்டையாய், வழவழவென்று ஒரு துவாரம்.

விறகுக் கட்டிலிருந்து நீளமான கழி ஒன்றை எடுத்து அந்தத் துவாரத்துக்குள் விட்டான். போனது. இன்னும் போனது. "அத்தை, உங்க பீப்பாய்க்குள்ள பாருங்க," என்றான்.

லிந்தாவுரா பார்த்தாள். அவள் பீப்பாயின் வைக்கோலைக் கிழித்துக்கொண்டு கழியின் முனை எட்டிப்பார்த்தது. அடெல்மோ ஆட்டினான். அதுவும் தலையாட்டியது.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. கித்தேரியாவின் பீப்பாயிலிருந்து பெபா தோண்டிக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பக்கம் தலைநீட்டியதை லிந்தாவுரா காட்டுப் பெபா என்று பிடித்துத் தன் பீப்பாயில் போட்டிருக்கிறாள். அது தான் வந்த சுரங்கத்தை மறுபடி கண்டுபிடித்து, விடிந்ததும் பழைய வீட்டுக்குப் புட்டுச் சாப்பிட வந்திருக்கிறது. அன்று முதல் ஒரு மாதம், காலைச் சாப்பாடு கித்தேரியா வீட்டில், இரவுச் சாப்பாடு லிந்தாவுரா வீட்டில். ஊரிலேயே மிகவும் மரியாதையான விருந்தாளி. ஓடிப்போக வழி தெரியாமல் அல்ல, ஓடிப்போக அவசியமே இல்லாமல் இருந்திருக்கிறது.

"ஒத்தப் பெபாவுக்கா நாம ரெண்டு பேரும் இப்படி அவிச்சுக் கொட்டுனோம்," என்றாள் கித்தேரியா.

"நான் பால் வேற ஊத்துனேன்," என்றாள் லிந்தாவுரா.

யார் முதலில் சிரித்தது என்று இன்றுவரை எங்கள் தெருவில் வழக்கு தீரவில்லை. கித்தேரியா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் துடைப்பக்குச்சி லிந்தாவுரா, ஆயுசில் வளையாத முதுகை வளைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கை தளர்ந்தது.

பெபா தரையில் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே தோண்டத் தொடங்கியது. பாதி உடம்பு உள்ளே போனபின்தான் லிந்தாவுரா வாலைப் பிடித்தாள். அடெல்மோ வேலியைத் தாண்டிக் குதித்து, கால்சட்டையின் பின்பக்கத்தை முள்ளுக்குக் கொடுத்துவிட்டு, அத்தையைப் பிடித்து இழுத்தான். கித்தேரியா வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஏப்ரலில் பிசகிய கால் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அப்படி ஒரு ஓட்டம். மகனின் இடுப்பைப் பிடித்து அவளும் இழுத்தாள். மூவரும் ஒருவர் பின் ஒருவராய் மல்லாந்தார்கள். பெபாவின் வாலைக் காணோம். பாலும் புட்டும் தின்ற உடம்பு, அத்தனை பலம்.

"போகட்டும் விடுங்க மதினி," என்றாள் கித்தேரியா, மல்லாந்தபடியே. "ஒரு மாசம் நம்ம ரெண்டு பேரு கதையும் கேட்டது. அதக் கறிவச்சுத் தின்னா நெஞ்சுல இறங்குமா?"

லிந்தாவுரா எழுந்து, பாவாடையின் மண்ணைத் தட்டிக்கொண்டாள். பழையபடி நிமிர்ந்தாள். தம்பியை அந்தத் தோல் சட்டையில் அனுப்பியது இன்றைக்கும் தனக்குச் சம்மதமில்லை என்று முதலில் தெளிவாய்ச் சொன்னாள். பிறகு உள்ளே போய், உத்தரத்தில் தொங்கிய உப்புக்கண்டத்தில் பாதியை அறுத்துக்கொண்டு வந்தாள்.

அன்று மூவரும் கித்தேரியா வீட்டில் சாப்பிட்டார்கள். உப்புக்கண்டம் வறுவல், அவரைச் சோறு, இலையில் சுற்றிய பமோன்யா. அடெல்மோ தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தான் என்று கித்தேரியா பிறகு என்னிடம் சொன்னாள். கடைசியில் அவன் அம்மாவிடம் பேசவில்லை. அத்தையிடம் பேசினான். தினமும் அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டான்.

"நானா? எனக்கு வேற சோலி இல்லையா?" என்றாள் லிந்தாவுரா. "அவளும் அவ ஆடும்." இன்னொரு பமோன்யாவைப் பிரித்து அவன் தட்டில் வைத்தாள். "உன் நம்பரப் பெரிய எழுத்துல எழுதிக் குடு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

கண் தெரியாதவளாம். நாற்பது கஜத்திலிருந்து அடுப்புப் புகைக்கு நேரம் குறித்தவள்.

பொழுது சாயும்போது ஊர் முழுக்கச் சொக்கப்பனை ஏற்றினார்கள். அந்த இரண்டு வாசலுக்கும் அன்று ஒரே நெருப்பு. வேலியில் ஒரு பாகத்தை அடெல்மோவே பிடுங்கி விறகாய்ப் போட்டான். அக்கார்டியன்காரன் வந்ததும் தாயையும் அத்தையையும் மாறி மாறி ஆடவைத்தான், கிழிந்த கால்சட்டையோடு. கித்தேரியா ஆடியதைப் பார்த்த யாரும் அவளைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பத் துணியமாட்டார்கள்.

மறுநாள் காலை அவன் ஒருவன்தான் கிளம்பினான். ஜன்னலோர இருக்கையில், கித்தேரியா பெயரில் வாங்கிய டிக்கெட்டுக்கு, சோளமும் உப்புக்கண்டமும் பமோன்யாவும் அடைத்த ஒரு பெரிய மூட்டை உட்கார்ந்து போனது. பஸ் புழுதியில் மறையும்வரை இரண்டு பெண்களும் கையாட்டினார்கள். கித்தேரியா அழவில்லை. அழுதது லிந்தாவுரா, புழுதி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே.

பஸ் பத்து மைல் கூடப் போயிருக்காது, அடெல்மோவின் போன் அடித்ததாம். எடுத்தால் அத்தை.

"உங்கம்மா இப்பத்தான் வீட்டுக்கு வந்தா. வந்ததும் காபி போட்டா. மூணு கரண்டி சீனி போட்டுக் குடிச்சா. நான் பாத்துட்டேன். வைக்கிறேன்."